இனிப்பு மக்காச்சோளம்: ரகத்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஒரு தெரு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் மொட்டை மாடிக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரே வரிசையில் பன்னிரண்டு பைகள். எல்லாவற்றிலும் மக்காச்சோளம். நான்கு பைகளில் ஒரு நிறுவனத்தின் இனிப்புச் சோளம், நான்கில் இன்னொரு நிறுவனத்தின் ரகம், மீதி நான்கில் புறாக்களுக்கு வாங்கி வைத்திருந்த தீவனச் சோளம். இலை ஓரங்கள் தீப்பட்டது போலக் காய்ந்திருந்தன. உரித்துக் காட்டிய கதிரில் பாதி இடம் காலி. இருந்த மணிகளிலும் பல, இனிப்பில்லாமல் மாவாக இருந்தன.

"சார், விதைக் கடைக்காரன் ஏமாத்திட்டான். பேரனுக்கு ஒரு கதிர் கூட ஒழுங்கா குடுக்க முடியல. அடுத்த வாட்டி எந்த ரகம் வாங்கறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

விதையில் குறை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இலை கருகியதற்குக் காரணம் தண்ணீர். கதிர் காலியாக இருந்ததற்குக் காரணம் ஒற்றை வரிசை. மணி மாவானதற்குக் காரணம் பக்கத்தில் நின்ற புறாத் தீவனச் சோளம். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் எத்தனை விலையுயர்ந்த ரகத்தை விதைத்தாலும் இதே கதைதான்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மாடித் தோட்டக்காரர்களுக்கு மட்டுமான செய்தி அல்ல இது. மீஞ்சூர், பொன்னேரி தொடங்கி கடலூர், நாகை, ராமநாதபுரம் வரை கடலோரத்தில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் கேள்வி: தண்ணீரில் எவ்வளவு உப்பு?

மக்காச்சோளம் உப்பை ஓரளவுக்கு மேல் தாங்காத பயிர். இனிப்பு ரகங்களும் அப்படியே. வடசென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கடலை ஒட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் வைத்தாலே கரிக்கும். கரிக்காத நீரிலும் பயிரைப் பாதிக்கும் அளவுக்கு உப்பு இருக்கலாம். அதனால் நாக்கை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட பாசன நீர் அட்டவணை மக்காச்சோளத்துக்குத் தரும் அளவுகள் இவை. மின்கடத்தும் திறன் (இ.சி.) டெசிசைமன் கணக்கிலும், அதற்குச் சமமான டி.டி.எஸ். அளவு தோராயமாகவும் தரப்பட்டுள்ளன.

• இ.சி. 1.1 (டி.டி.எஸ். சுமார் 700) வரை: விளைச்சல் குறையாது.
• இ.சி. 1.7 (சுமார் 1,100): 10 சதவீதம் குறையும்.
• இ.சி. 2.5 (சுமார் 1,600): 25 சதவீதம் குறையும்.
• இ.சி. 3.9 (சுமார் 2,500): பாதி விளைச்சல் போய்விடும்.

குடிநீரைச் சோதிக்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தெருவுக்கு ஒன்று இருந்தாலே போதும். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் (திருவள்ளூர் மாவட்டத்துக்குத் திரூரில் உள்ளது) அல்லது வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுக்கலாம். மாதிரியை மே மாதம் ஒரு முறை, மழை முடிந்த தை மாதம் ஒரு முறை எடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பார்த்தாலே எப்போது விதைக்கலாம் என்பது புரிந்துவிடும்.

திருவொற்றியூர் பெரியவர் வீட்டில் இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றி வந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் இயந்திரம் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்த வாளியில்தான் இருக்கிறது. மூல நீரை விட அது உப்பு மிகுந்தது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், மக்காச்சோளத்துக்கு வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிடையாது; அதைத் தாராளமாக ஊற்றலாம். மழைநீரைப் போல நல்ல நீர் வேறில்லை.

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனில் தொடங்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வடசென்னைக்கு நீர் தருவதற்காகத்தான் அமைக்கப்பட்டது. குடிநீர்க் குழாயில் வரும் நீர் கிணற்று நீரை விடப் பயிருக்கு நல்லது. முழுவதும் அதையே ஊற்ற முடியாதவர்கள், முளைத்த பிறகு முதல் மூன்று வாரத்துக்காவது நல்ல நீரைக் கொடுங்கள். இளநாற்றுப் பருவத்தில்தான் மக்காச்சோளம் உப்புக்கு அதிகம் அஞ்சும். பிறகு கிணற்று நீரோடு கலந்து ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் பையின் அடித் துளை வழியே கொஞ்சம் நீர் வெளியேறும்வரை ஊற்ற வேண்டும். அப்போதுதான் சேர்ந்த உப்பு கழுவிப் போகும்.

இ.சி. மூன்றைத் தாண்டி, நல்ல நீருக்கும் வழி இல்லாவிட்டால் மக்காச்சோளத்தை விட்டுவிடுங்கள். கொத்தவரையும் தட்டைப்பயறும் அதே நீரில் நன்றாக விளையும்.

இரண்டாவது கேள்வி: எத்தனை செடி, எப்படி நடுவது?

கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழைகளில் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குச் சொந்தம். செடியின் உச்சியில் உள்ள ஆண் பூவிலிருந்து மகரந்தம் காற்றில் பறந்து அந்த இழையில் விழுந்தால்தான் அந்த மணி பிடிக்கும். கடற்காற்று ஒரே திசையில் வீசும் மாடியில் ஒற்றை வரிசையாக நட்டால் மகரந்தத்தில் பெரும்பகுதி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆகவே சதுரமாக நடுங்கள். வரிசைக்கு நான்காக நான்கு வரிசை, மொத்தம் பதினாறு செடி. வீட்டுத் தோட்டத்துக்கு இதுதான் குறைந்த அளவு.

கையாலும் உதவலாம். ஆண் பூ விரிந்ததும் காலை 8 மணி முதல் 10 மணிக்குள் அதை ஒரு காகிதப் பையில் தட்டி, சேர்ந்த மஞ்சள் தூளைப் பட்டு இழைகளின் மேல் தூவுங்கள். நான்கைந்து நாட்கள் தொடர்ந்து செய்தால் கதிர் நிறையும்.

பதினாறு செடிக்கு இடமில்லாதவர்கள் பேபி கார்ன் போடலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.பி.சி. 1 ரகம் இதற்கென்றே வந்தது. பட்டு இழை வெளிவந்து ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் பிஞ்சாகவே பறித்துவிடுவதால் மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. ஆண் பூவைக் கிள்ளிவிடலாம். ஆறேழு செடி இருந்தாலும் பலன் உண்டு.

மூன்றாவது கேள்வி: பக்கத்தில் வேறு சோளம் இருக்கிறதா?

மாம்பழத்தில் எந்த மகரந்தம் வந்து சேர்ந்தாலும் சதையின் சுவை மாறாது. மக்காச்சோளத்தில் அப்படியில்லை, நாம் சாப்பிடும் பகுதியே விதை என்பதால், வந்த மகரந்தத்தின் குணம் அதே மணியில் தெரிந்துவிடும். சாதாரண மக்காச்சோள மகரந்தம் இனிப்புச் சோளத்தின் இழையில் விழுந்தால் அந்த மணி மாவுச்சத்து நிறைந்து கெட்டியாகிவிடும். புறாத் தீவனச் சோளம் செய்தது இதைத்தான்.

பெரம்பலூர், அரியலூர் போன்ற மக்காச்சோள மாவட்டங்களில் இனிப்புச் சோளம் போடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. அங்கே பக்கத்து வயலிலிருந்து குறைந்தது 250 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அல்லது பூக்கும் காலம் இரண்டு, மூன்று வாரம் விலகும்படி விதைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் வடசென்னை மாடிக்காரர் கொடுத்துவைத்தவர். சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோள வயல் கிடையாது. அவராகக் கலந்து விதைக்காமல் இருந்தால் போதும்.

இப்போது ரகத்துக்கு வருவோம்

சாதாரண மக்காச்சோளத்தில் இலையில் உருவான சர்க்கரை மணிக்குள் வந்ததும் மாவுச்சத்தாக மாறிவிடும். இனிப்புச் சோளத்தில் ஒரு மரபணு மாற்றம் இந்த வேலையைத் தடுக்கிறது. இதில் இரண்டு வகைகள் நமக்கு முக்கியம்.

பழைய வகையில் மாவுச்சத்தாகும் வேலை பாதியில் தடைபடுகிறது. மணி மென்மையாக, பால் போலக் குழைவாக இருக்கும். ஆனால் பறித்த பிறகும் சர்க்கரை குறைந்துகொண்டே போகும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய பாதி சர்க்கரை போய்விடும். இதன் காய்ந்த விதை சுருங்கி, கண்ணாடி போலப் பளபளப்பாக இருக்கும்.

இரண்டாவது, 'சூப்பர் ஸ்வீட்' எனப்படும் மிகு இனிப்பு வகை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் 1950களில் இதன் பயனைக் கண்டறிந்தார். மாவுச்சத்தாகும் வேலை ஆரம்பத்திலேயே தடைபடுவதால் சர்க்கரை சுமார் இரண்டு மடங்கு இருக்கும். பறித்து இரண்டு மூன்று நாட்கள் ஆனாலும் இனிப்பு நிற்கும். கடித்தால் மொறுமொறுப்பாக இருக்கும். குறை என்னவென்றால், விதைக்குள் சேமிப்பு உணவு குறைவு. விதை எடை குறைந்து, ஒட்டிப்போய் இருக்கும். முளைக்கும் நாற்றுக்கு ஆரம்ப பலம் போதாது. ஈரம் அதிகமானால் அழுகும். ஆழமாகப் போட்டால் மேலே வராது.

இந்த இரண்டு வகைகளையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் விதைத்தால், ஒன்றின் மகரந்தம் மற்றதில் விழுந்து இரண்டுமே மாவாகிவிடும். ஒரு பருவத்துக்கு ஒரே ரகம் என்பதுதான் மாடிக்கு விதி.

இந்தியாவில் கிடைக்கும் ரகங்களை இப்படிப் பிரிக்கலாம்.

மாதுரி, பிரியா: ஆந்திர வேளாண் பல்கலைக்கழகம் ஹைதராபாத்தில் உருவாக்கிய கூட்டு ரகங்கள். மகரந்தம் கலந்து பெருகும் ரகங்கள் என்பதால் விதை விலை குறைவு. வேறு சோளம் கலக்காமல் பார்த்துக்கொண்டால் சொந்தமாக விதையும் எடுக்கலாம். செடிகள் ஒரே சீராக இருக்காது. சந்தைக்கு விற்கிறவருக்கு இது குறை, வீட்டுக்கு நிறை. கதிர்கள் ஒரே நாளில் முற்றாமல் முன்பின்னாக வருவதால் பத்து நாட்களுக்கு விட்டுவிட்டுப் பறித்துச் சாப்பிடலாம்.

பூசா சூப்பர் ஸ்வீட் கார்ன் 1: புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மிகு இனிப்பு வீரிய ஒட்டு ரகம். அரசு நிறுவன விதை வேண்டும் என்பவர்கள் இதைத் தேடலாம். ஹரியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் எச்.எஸ்.சி. 1 ரகமும் வீரிய ஒட்டுதான்.

சுகர் 75 போன்ற தனியார் வீரிய ஒட்டு ரகங்கள்: தமிழகக் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை இவைதான். கதிர் பெரியது, சீரானது, இனிப்பு அதிகம். விதை விலையும் அதிகம். இவற்றிலிருந்து விதை எடுத்து மறுமுறை விதைத்தால் அதே குணம் வராது.

கோல்டன் பான்டம் முதலிய வெளிநாட்டு ரகங்கள்: அமெரிக்காவில் 1902இல் வந்த புகழ்பெற்ற ரகம் இது. இணையக் கடைகளில் அழகான பாக்கெட்டில் வருகிறது. நீண்ட பகலும் மிதமான வெயிலும் உள்ள நாட்டுக்கு ஏற்ற விதை. நம் ஊர் வெப்பத்தில் குட்டையாக நின்று, அவசரமாகப் பூத்து, விரலளவு கதிர் தரும். இதைத் தவிர்ப்பது நல்லது.

என் பரிந்துரை இதுதான். முதன்முறை போடுகிறவர்கள், விலை குறைந்த கூட்டு ரகத்தில் கை பழகுங்கள். டி.டி.எஸ். 700க்குக் கீழே நல்ல நீர் உள்ளவர்கள், கையால் மகரந்தம் தூவப் பழகியவர்கள், மிகு இனிப்பு ரகத்துக்குப் போகலாம். உப்பு நீரும் பலமில்லாத நாற்றும் சேர்ந்தால் பாக்கெட் காசு வீண்.

எப்போது விதைப்பது?

வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழக்கும். பட்டு இழை காயும். விதைத்து ஏறக்குறைய 50 நாளில் பூக்கும் பயிர் இது. மார்கழிக் கடைசி அல்லது தை முதல் வாரத்தில் விதைத்தால் மாசியில் பூத்து, பங்குனி வெயில் ஏறுவதற்குள் கதிர் கைக்கு வரும். மழைக்குப் பிறகு கிணற்று நீரின் உப்பும் குறைந்திருக்கும். அடுத்தது ஆடிப்பட்டம். ஆடி முதல் வாரத்தில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அறுவடை முடியும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம்.

மண்ணும் பையும்

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் நிலக்கரிச் சாம்பல் படிந்த மண் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து அங்கே பரவியது. வெள்ளம் ஏறிய தரையிலும், சாலையோரத்திலும், ஆற்றங்கரையிலும் மண் எடுத்துப் பையை நிரப்பாதீர்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்த்தூள் ஐந்து பங்கு, மண்புழு உரம் மூன்று பங்கு போதும்.

நார்த்தூளிலும் உப்பு இருக்கும். தொட்டியில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசுங்கள். வடியும் நீரின் டி.டி.எஸ். அளவு, ஊற்றிய நீரின் அளவுக்கு அருகில் வந்தால் அலசியது போதும்.

60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் உள்ள பையில் நான்கு செடி. நான்கு பைகளைச் சதுரமாக, இடையில் ஓர் அடி விட்டு வையுங்கள். ஈரத்தோடு ஒரு பை சுமார் 70 கிலோ இருக்கும். ராயபுரம் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் உள்ளன. அந்தக் கூரையிலும் ஷீட் கூரையிலும் இந்தப் பாரத்தை ஏற்ற வேண்டாம். கீழே முற்றத்தில் வையுங்கள். கான்கிரீட் மாடியிலும் சுவருக்கு மேலே வரும் இடமாகப் பாருங்கள்.

குழிக்கு இரண்டு விதை, இரண்டு முதல் மூன்று செ.மீ. ஆழம். பத்தாம் நாள் ஒன்றை நீக்கிவிடுங்கள். வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 250:75:75 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதை ஒரு பைக்குக் கணக்கிட்டால் யூரியா 20 கிராம், சூப்பர் பாஸ்பேட் 17 கிராம், பொட்டாசியம் சல்பேட் 5 கிராம் வரும். யூரியாவை விதைக்கும்போது 5, 25ஆம் நாள் 10, 45ஆம் நாள் 5 கிராம் எனப் பிரித்து இடுங்கள். மற்ற இரண்டையும் அடியுரமாக இடலாம். வழக்கமான மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால் உப்பு நீர் உள்ள இடத்தில் தவிர்க்கலாம். இயற்கை முறை விரும்புவோர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மண்புழு உரம் அரை கிலோவும், ஒரு கைப்பிடி ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கும் கொடுக்கலாம்.

கடற்காற்றில் செடி சாயும். முழங்கால் உயரத்தில் கலவையை அணைத்து, நான்கு மூலையில் கொம்பு நட்டுச் சுற்றிலும் கயிறு கட்டுங்கள். உப்புக் காற்றும் கரித்தூளும் இலையில் படிந்தால் காலையில் நல்ல நீரால் கழுவிவிடுங்கள்.

படைப்புழு மாடிக்கும் வரும்

2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு அதே ஆண்டு தமிழகத்துக்குள் வந்த அமெரிக்கன் படைப்புழு, நான்கு மாடி உயரத்தையும் விடுவதில்லை. வாரம் இரண்டு முறை குருத்தைப் பாருங்கள். இலையில் பஞ்சு மூடிய முட்டைக் குவியல் தெரிந்தால் நசுக்குங்கள். குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் தெரிந்தால், ஒன்பது பங்கு மணலில் ஒரு பங்கு சுண்ணாம்புத் தூள் கலந்து ஒரு சிட்டிகை குருத்துக்குள் போடுங்கள். கடற்கரை மணல் கூடாது. ஆரம்பத்திலேயே 1,500 பி.பி.எம். அசாடிராக்டின் வேம்பு மருந்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளிக்கலாம். வீட்டு மாடியில் கடும் நஞ்சு வேண்டாம். கதிர் முற்றும்போது எலியும் அணிலும் வரும். காகிதப் பையால் மூடிவிடுங்கள்.

பறிக்கும் நாள்

பட்டு இழை வெளிவந்து 18 முதல் 22 நாட்களில் கதிர் தயார். இழை காய்ந்து பழுப்பாகவும், மேல் உறை பச்சையாகவும் இருக்க வேண்டும். உறையை லேசாக விலக்கி ஒரு மணியை நகத்தால் அழுத்துங்கள். பால் வந்தால் பறிக்கலாம். மிகு இனிப்பு வகையில் பால் சற்று நீர்த்தே இருக்கும்; கெட்டிப்பால் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காலையில் பறித்து அன்றே சமைத்துவிடுங்கள். தூசு படியும் பகுதி என்பதால் உறையோடு வேகவைக்காமல், உரித்துக் கழுவி வேகவையுங்கள்.

ஒரு செடிக்கு ஒரு நல்ல கதிர்தான் கணக்கு. பதினாறு செடியில் பதினாறு கதிர். சந்தைச் செலவு மிச்சமாகும் என்று நினைத்து இதைப் போட வேண்டாம். பறித்த பத்தாவது நிமிடம் சாப்பிடும் இனிப்புக்காகப் போடலாம். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. மீஞ்சூர், பொன்னேரியில் நல்ல நீருள்ள விவசாயிகளுக்கு இதிலேயே ஒரு வாய்ப்பும் உண்டு. விடியற்காலை பறித்த கதிரைச் சில மணி நேரத்தில் திருவொற்றியூர் வாடிக்கையாளரிடம் சேர்க்க முடிகிற தூரத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பெரியவர் இந்தத் தையில் புறாத் தீவனத்தைப் புறாக்களுக்கே விட்டுவிட்டார். ஒரே ரகம், நான்கு பை, பதினாறு செடி, முதல் மூன்று வாரம் குழாய்த் தண்ணீர். பங்குனியில் தொலைபேசியில் அழைத்தார். "மூணு கதிர் மட்டும் நுனியில கொஞ்சம் காலி சார். மத்தது ஃபுல்லா புடிச்சிருக்கு" என்றார். ரகத்தின் பெயரைக் கேட்டேன். பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். டி.டி.எஸ். எவ்வளவு என்று கேட்டேன். 640 என்று உடனே பதில் வந்தது.